காலுக்கு ஒரு காசு

வெர்மொத் பாலத்தில் தலைவரி கிடையாது.
தலைக்கு இவ்வளவு என்று விதித்த முதல் வருஷமே
மூன்று தலைச் சிம்ரிகள்
சாவடியைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.
அதன்பிறகு
காலுக்கு ஒரு காசு.

வசூலிக்க எங்களை வைத்தார்கள். வௌவால் குலம்.
வாயில் வளைவில் தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு
முகம் பார்த்து இரங்கும் வசதி இல்லை.
கண்ணுக்கு நேரே வருவதெல்லாம்
குளம்பு, நகம், சவ்வு, உதிர்ந்த இறகின் ஈரம்.

ஓஸ்ரெக் என் பெயர். இரவு முறை.
தொங்கியபடியே எழுதுவதால்
என் ஆறெல்லாம் ஒன்பது என்று
தணிக்கைக்காரருக்கு ஒரு குறை உண்டு.

குதிரையுடலர் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு
பாதிக் கட்டணம் கேட்பார்கள்.
அப்படியே அக்கரை வரை போ என்பேன்.
பன்னிரண்டாம் எட்டில் விழுவார்கள்.

நாரையர் ஒற்றைக் காலில் நின்று
ஒரு காசை நீட்டுவார்கள்.
நான் அவசரப்படுவதில்லை.
நடந்துதானே ஆக வேண்டும்.

காளைத்தலையருக்கு வளைந்த வழிகள் பழக்கம்.
நேராகக் கிடக்கும் பாலம் கலங்கடிக்கும்.
நடுவில் நின்று திரும்பிவந்து
மறுபடி காசு தருவார்கள்.
வாங்க மனம் வராது. வாங்குவேன்.

சிங்க உடல் பெண்கள் காசுக்குப் பதில்
விடுகதை போட்டுவிட்டுப் போவார்கள்.
பெட்டியில் பதினேழு கிடக்கின்றன.
கருவூலம் ஏற்பதில்லை,
எனக்கும் விடை தெரியாது.

நண்டுக் குலத்துத் தாருமெல்
சண்டையில் இழந்த காலுக்குக் கழிவு வாங்கினான்.
அது திரும்ப முளைத்த மாதம்
அவனே வந்து சொன்னான், பக்கவாட்டில் நின்று,
வெட்கத்தோடு.

பாம்புடலருக்கு வரியில்லை.
கால் இல்லை, காசு இல்லை.
அதற்காகவே அவர்களை யாருக்கும் ஆகாது.
ஓசியில் ஊர்கிற ஜாதி என்று
அவர்கள் காது படவே சொல்வார்கள்.
காது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே.

பனி உடைந்த இரவொன்றில் ஈஷெல் வந்தாள்.
சுருண்ட உடலின் நடுவே
கம்பளி சுற்றிய முட்டை.
பின்னால் குவோரன்,
இரண்டு காலும் தரையில் ஊன்றி
இரண்டு காசு கொடுத்த முதல் நாரையன்.

முட்டைக்கு எவ்வளவு என்றாள்.
முட்டைக்குக் கால் இல்லை என்றேன்.
எழுதினேன்: நுழைந்தவை, கால் இரண்டு.

அக்கரை நானூறு தப்படி.
அங்கே உல்மி தொங்குகிறாள்.
விடியும்போது இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்,
இல்லாவிட்டால் இருவருக்கும் கூலி இல்லை.

இருநூறாவது தப்படியில் ஓடு விரிந்தது.
எங்கள் காதுக்கு அது
பாலமே விரிந்த சத்தம்.
குளம்புகள் நின்றன.
காளைத்தலையன் ஒருவன்
திரும்பிப் போகாமல் நின்றான்.
தாருமெல் தன் ஓட்டைச் சாய்த்து
காற்றை மறைத்தான்.
யாரோ, யாரென்று தெரியவில்லை, கேட்டார்கள்:
எத்தனை கால்?

பதில் வரவில்லை.
எல்லோரும் குனிந்துகொண்டிருந்தார்கள்.

கல்லை விட்டு இறங்கினேன்.
பதினொரு வருஷத்தில் முதல் தடவை.
ரத்தம் காலுக்குப் போய் உலகம் சுற்றியது.
சுவரைப் பிடித்துக்கொண்டு போய்
குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.
சவ்வு இன்னும் ஒட்டியிருந்தது.
கொட்டாவி விட்டது.
கீழே கம்பளி மூடியிருந்தது.
விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

விடியலில் உல்மியின் ஏடு வந்தது.
வெளியேறியவை, கால் இரண்டு.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
மற்றது தூக்கிச் செல்லப்பட்டது.

கணக்கு நேரானது.
பிறகுதான் நினைவு வந்தது,
என் பாதங்களும் பாலத்தில் பட்டிருந்தன.
இரண்டு காசு எடுத்து
விடுகதைகளின் மேல் போட்டேன், ஏட்டிலும் ஏற்றினேன்.

உள்ளே வந்த அந்த இரண்டு கால்
எந்தக் கரையில் வெளியேறியது என்று
தணிக்கைக்காரர் இன்னமும்
கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.